கொழுந்து முதல் கோப்பை வரை: மலையக ஹோட்டலில் கப்பல் பாணிக் கலை விருந்து நடத்துவது எப்படி

உல்லாசக் கப்பல்களின் சாப்பாட்டு மண்டபத்தில் சில இரவுகளில் சாப்பாடும் நிகழ்ச்சியும் ஒன்றாகவே பரிமாறப்படும். பழைய, எளிய வடிவம் பேக்ட் அலாஸ்கா ஊர்வலம். கேக்கின் மேல் ஐஸ்கிரீமை வைத்து, முட்டை வெள்ளைக்கரு நுரையால் மூடி மேலே வாட்டிய அந்த இனிப்பை, விளக்கை அணைத்துவிட்டு, பாட்டு முழங்க, வெயிட்டர்கள் வரிசையாகத் தூக்கிக்கொண்டு மேசைகளைச் சுற்றி வருவார்கள். 1998இல் கடலில் இறங்கிய டிஸ்னி மேஜிக் கப்பல் இன்னும் ஒரு படி மேலே போனது. அதிலுள்ள அனிமேட்டர்ஸ் பேலட் மண்டபம் கறுப்பு வெள்ளையாகத் தொடங்கி, சாப்பாடு நகர நகர நிறம் பெற்று, கடைசியில் வெயிட்டரின் மேற்சட்டை வரைக்கும் வண்ணமாகிவிடும். 2012இல் வந்த டிஸ்னி ஃபேன்டசியில் விருந்தினர் தாளில் ஓர் உருவம் வரைந்து கொடுப்பார்கள். விருந்து முடியும் நேரம் அந்த உருவங்கள் திரையில் எழுந்து ஆடும்.

இவற்றில் நாம் எடுத்துக்கொள்ள வேண்டியவை இரண்டு. ஒன்று, மண்டபம் மாறுவதைச் சாப்பிடுகிறவர் கண்ணால் பார்க்க வேண்டும். மற்றது, தொடக்கத்தில் அவர் கையால் செய்த ஒன்று முடிவில் அவரிடமே திரும்பி வர வேண்டும். இதற்குத் திரையும் தேவையில்லை, கணினியும் தேவையில்லை. இலங்கை மலையகத்தில் நுவரெலியா, ஹட்டன், பண்டாரவளை, எல்ல பக்கத்தில் பத்து மேசை போட்ட சிறிய ஹோட்டலிலும் செய்யலாம். கையில் வைத்து உருட்டினால் இரண்டு மணி நேரத்தில் நிறமும் மணமும் மாறுகிற தேயிலைக் கொழுந்து நம் வாசலிலேயே விளைகிறது.

கீழே உள்ள கணக்கெல்லாம் நாற்பது விருந்தினர், மேசைக்கு நால்வராகப் பத்து மேசை, ஒரே பந்தி என்று வைத்துப் போட்டது. முதல் தடவை நடத்துகிறவர்கள் இதற்கு மேல் போக வேண்டாம்.

நாளும் நேரமும்

போயா (பௌர்ணமி) தினத்தில் வைக்காதீர்கள். அன்று மதுவும் இறைச்சியும் விற்க முடியாது. பதிவு செய்த விருந்தினரிடம் அதைக் கடைசி நேரத்தில் சொல்வது சங்கடம். ஏப்ரல் சீசனில் நுவரெலியாவில் அறைகள் நிரம்பி வழியும். வேலையாட்களுக்கு மூச்சுவிட நேரம் இருக்காது, வீதி நெரிசலில் கலைஞர்கள் வந்து சேரவும் தாமதமாகும். முதல் முயற்சிக்கு அது ஏற்ற காலம் இல்லை. ஜனவரி முதல் மார்ச் வரை நல்ல காலம். மழை குறைவு, திம்புள, நுவரெலியாத் தேயிலை தரமாக வருவதும் அப்போதுதான். ஊவாப் பக்கத்தவர்களுக்கு ஜூலை முதல் செப்டெம்பர். கச்சான் காற்று அடிக்கிற அந்த மாதங்களில்தான் ஊவாத் தேயிலைக்கு அந்த ஒருவகைக் குளிர்ச்சியான மணம் ஏறும்.

ஏழு மணிக்குத் தொடங்கி ஒன்பதேகாலுக்குள் முடியுங்கள். ஹோர்ட்டன் சமவெளிக்குப் போகிறவர்கள் விடியற்காலை நாலரை, ஐந்துக்கே வேனில் ஏற வேண்டும். ஒன்பது, பத்து மணியானால் அங்குள்ள உலக முடிவு என்ற மலைவிளிம்பை மேகம் மூடிவிடும். இரவு பத்தரை வரை அவர்களை உட்கார வைத்தால் எவ்வளவு நல்ல நிகழ்ச்சியும் தண்டனையாகிவிடும்.

தலையாய விதி

தட்டு நகரும்போது நிகழ்ச்சி இல்லை, நிகழ்ச்சி நடக்கும்போது தட்டு நகராது. கப்பலில் இரண்டு பந்தி வைப்பார்கள். முதல் பந்தி நீண்டால் இரண்டாம் பந்தி வாசலில் நிற்கும். அதனால் பாட்டும் ஆட்டமும் சமையலறையின் கடிகாரத்துக்கு அடங்கியே நடக்கும். நம்மூரில் பெரும்பாலும் தலைகீழாக நடக்கிறது. கலைஞர்களை அழைத்து ஒரு மணி நேரம் மேடை கொடுத்துவிட்டு, அந்தச் சத்தத்துக்கு நடுவே சோறு பரிமாறப் பார்க்கிறோம். பாடுகிறவர் முன்னால் வெயிட்டர் குறுக்கே போகிறார், விருந்தினர் கறியைக் கவனிப்பதா பாட்டைக் கவனிப்பதா என்று தெரியாமல் இரண்டையும் விடுகிறார், சமையலறையில் ரொட்டி காய்ந்து போகிறது.

ஆகவே முதல் வேலையாக ஒருவரைக் குரல்காரராக நியமியுங்கள். சமையலறைக் கதவுக்கும் மண்டபத்துக்கும் நடுவில், இரண்டு பக்கமும் பார்க்கக்கூடிய இடத்தில் அவர் நிற்க வேண்டும். கையில் நேர அட்டவணை, ஒரு டோர்ச், ஒரு கடிகாரம் போதும். அவர் தட்டுத் தூக்கக் கூடாது, விருந்தினருடன் கதைத்துக்கொண்டும் நிற்கக் கூடாது. அவர் கை காட்டாமல் தப்பு மேளமும் ஒலிக்காது, சட்டியும் வெளியே வராது. முதலாளியே இந்த வேலையைச் செய்வது நல்லதல்ல. விருந்தினர் யாராவது அவரை எப்படியும் கூப்பிட்டு உட்கார வைத்துவிடுவார்கள்.

கொழுந்து

விருந்தின் உயிர் இதுதான். மற்றதில் எங்காவது சிக்கனம் பிடித்தாலும் இதில் பிடிக்காதீர்கள்.

முதல் நாள் பின்னேரம் பக்கத்துத் தோட்டத்திலோ சிறு தேயிலைத் தோட்டக்காரரிடமோ பணம் கொடுத்து ஒன்றேகால் கிலோ பச்சைக் கொழுந்து வாங்குங்கள். இரண்டு இலையும் ஒரு மொட்டுமாக இருக்க வேண்டும். முற்றிய கரட்டு இலை உருளாது, முறியும். பொலித்தீன் பையில் கட்டிக்கொண்டு வராதீர்கள். கொழுந்து மூச்சு விடும். காற்றுப் போகாத பையில் அழுத்திக் கட்டினால் விரைவிலேயே சூடேறி நடுவில் சிவந்துவிடும். கூடை அல்லது வலைப் பை நல்லது.

அதில் எண்ணூறு கிராமைக் கம்பி வலையிலோ சணல் சாக்கிலோ ஒரு விரல் கனத்துக்கு மேல் போகாமல் பரப்பி, காற்றோட்டமான அறையில் இரவு முழுதும் வாட விடுங்கள். தொழிற்சாலையில் பன்னிரண்டு முதல் பதினெட்டு மணி நேரம் வாட்டுவார்கள். குளிரும் ஈரமும் உள்ள அறையில் அதற்கு மேலும் ஆகும். பதம் பார்ப்பது இப்படி: ஒரு பிடி எடுத்து இறுகப் பிடித்துவிட்டுக் கையைத் திறங்கள். இலை உடனே விரிந்தால் போதாது. கசங்கிய கைக்குட்டை மாதிரி உருண்டையாகவே இருந்து மெல்ல நெகிழ்ந்தால் சரி. தண்டை வளைத்தால் ஒடியக் கூடாது. எண்ணூறு கிராம் இப்போது நானூற்றைம்பது அளவில் நிற்கும். ஆளுக்குப் பத்துக் கிராம் போட்டு நாற்பது சிறு கிண்ணங்களில் வைத்து, ஈரத் துணியால் மூடுங்கள்.

மீதி நானூற்றைம்பது கிராமை வாட்டாமல், தண்ணீர் தெளித்துக் குளிரான இடத்தில் பரப்பி வையுங்கள். மேசைக்கு நாற்பத்தைந்து கிராம் பச்சைக் கொழுந்து ஒரு குவியல், அதன் பக்கத்தில் பத்துக் கிராம் தயார்த் தேயிலை ஒரு குவியல். ஒரு கிலோ தேயிலைக்குச் சுமார் நாலரை கிலோ கொழுந்து வேண்டும் என்பதை வாயால் சொல்வதைவிட இந்த இரண்டு குவியல்கள் நன்றாகச் சொல்லும். கொழுந்து பறிக்கிற ஒரு அக்காவை அழைத்து, கூலி கொடுத்து, தன் வேலையைப் பற்றி அவர் வாயாலேயே மூன்று நிமிடம் சொல்ல வைப்பது இன்னும் நல்லது. ஹோட்டல் பிள்ளைகளுக்குச் சாக்குக் கட்டி, தலையில் கூடை மாட்டி வேடம் போட்டு நிறுத்த வேண்டாம். அந்த வேலையைச் செய்கிறவர்கள் பக்கத்து மலையிலேயே இருக்கிறார்கள். அதே காரணத்துக்காக, தொரை (தோட்டத்துரை) பங்களா இரவு என்று வைத்து வெயிட்டரைக் குனிந்து கும்பிடும் பங்களா வேலைக்கார அப்புவாக நடிக்க வைப்பதும் நமக்கு வேண்டாம்.

விருந்தில் ரொட்டித் தட்டை எடுத்தபின், ஈரத் துண்டால் கையைத் துடைக்கச் சொல்லி, கிண்ணத்தைக் கொடுத்து ஐந்து நிமிடம் உருட்ட வையுங்கள். மெல்ல உருட்டினால் பயனில்லை. உள்ளங்கை இரண்டும் பிசுபிசுத்து, இலையிலிருந்து பச்சைச் சாறு கசிய வேண்டும். சாறு காற்றோடு சேர்ந்தால்தான் நொதிப்பு நடக்கும், நிறம் மாறும். உருட்டியதை அதே கிண்ணத்தில் போட்டு, மேசை எண்ணும் பெயரும் எழுதிய சிறு துண்டு ஒட்டி, வெயிட்டர் தட்டில் எடுத்துப் போய்ச் சமையலறையில் தட்டுச் சூடாக்கும் அலுமாரிக்குப் பக்கத்தில், மேலே ஈரத் துணி போட்டு வைக்க வேண்டும். 25 பாகை அளவு வெதுவெதுப்பு போதும். நுவரெலியாவில் ஜனவரி இரவு மண்டபத்து மேசையிலேயே விட்டால் பதினைந்து பாகைக் குளிரில் இலை பச்சையாகவே உட்கார்ந்திருக்கும். அடுப்புக்கு மேலே வைத்தால் வெந்துவிடும். இந்த இரண்டும்தான் புதியவர்களுக்கு அதிகம் நடக்கும் பிழைகள்.

ஒன்றேகால் மணி நேரம் கழித்து இனிப்போடு அதே கிண்ணம் திரும்ப வரும்போது விளிம்பு செம்புநிறமாகி, பச்சை வாடை போய், பழ வாசனை வந்திருக்கும். நல்லாக உருட்டியவர் கிண்ணமும் சும்மா தடவியவர் கிண்ணமும் வேறு வேறாக இருக்கும். மேசைக்கு மேசை அதை ஒப்பிட்டுப் பேசிச் சிரிப்பார்கள். அந்தப் பேச்சுக்கு நீங்கள் அறிவிப்பாளர் வைக்கத் தேவையில்லை. விருந்தினர் போனபின் கிண்ணங்களை 100 முதல் 110 பாகை ஒவனில் இருபத்தைந்து நிமிடம் காய வைத்து, காலைச் சாப்பாட்டில் அவரவர் மேசைக்கு ஊற்றிக் கொடுக்கலாம்.

சாப்பாடு

பஃபே வைக்காதீர்கள். நாற்பது பேர் வரிசையில் நின்றால் இருபது நிமிடம் போகும், மண்டபம் கலையும். ஒவ்வொரு தட்டாக அலங்கரித்து அனுப்பவும் நமக்கு ஆள் போதாது. மண்சட்டிகளில் மேசைக்கு மேசை வைப்பதே சரி. மண்சட்டி சூட்டைப் பிடித்து வைக்கும், வெயிட்டர் ஒருவர் ஒரு தட்டத்தில் ஒரு மேசைக்கு உரியதை மொத்தமாகத் தூக்கலாம்.

வரவேற்புக்கு இஞ்சி பிளேன்டீ, கித்துள் கருப்பட்டித் துண்டு. அடுத்து சின்ன ரொட்டி இரண்டு, கட்டச் சம்பல். பிறகு லீக்ஸ், உருளைக்கிழங்கு சூப். பிரதானமாகச் சோறு, கோழிக்கறி, பருப்பு, போஞ்சிக்காய்க் கறி, கரட் சம்பல், அப்பளம். கடைசியில் வட்டலப்பம், மூன்று வகைத் தேநீர்.

அளவுகள்: ரொட்டிக்கு மூன்றேகால் கிலோ கோதுமை மா, ஆறு தேங்காய்த் துருவல், எண்பது ரொட்டி. சம்பலுக்கு நூறு கிராம் செத்தல் மிளகாய், அரைக் கிலோ சின்ன வெங்காயம், நான்கு தேசிக்காய், உப்பு. சைவக்காரருக்குரிய பங்கை எடுத்து வைத்த பிறகு, ஐம்பது கிராம் மாசிக் கருவாட்டை மற்றதில் மட்டும் சேர்த்து இடியுங்கள். வெளிநாட்டவருக்கு உறைப்பைக் குறைத்து ஒரு பங்கு தனியே வைத்தால் நல்லது, மொத்தத்தையும் சப்பென்று ஆக்க வேண்டாம். சூப் எட்டு லீற்றர். சம்பா அரிசி மூன்றரைக் கிலோ, எலும்போடு கோழி ஏழு கிலோ, பருப்பு ஒன்றரைக் கிலோ, போஞ்சி இரண்டரைக் கிலோ.

வட்டலப்பத்துக்கு முப்பது முட்டை, ஒன்றேகால் கிலோ கித்துள் கருப்பட்டி, ஒன்றே முக்கால் லீற்றர் முதல் பால், ஏலக்காய். நாற்பது சிறு கோப்பைக்குச் சரியாக வரும். காலையிலேயே அவித்து ஆற வைத்துக் குளிர்பெட்டியில் வைத்துவிடலாம். விருந்து நேரத்தில் அடுப்பைக் கேட்காத இனிப்பு என்பதுதான் இதைத் தெரிவு செய்ததற்குக் காரணம். முட்டை சாப்பிடாதவருக்கு ஸ்ட்ரோபெரியும் தயிரும் கித்துள் பாணியும்.

உயரத்தை மறக்க வேண்டாம். நுவரெலியா 1,868 மீற்றர் உயரத்தில் இருக்கிறது. அங்கே தண்ணீர் ஏறத்தாழ 94 பாகையிலேயே கொதித்துவிடும். கொழும்பில் படித்த சமையல் நேரத்தை இங்கே அப்படியே பிடித்தால் பருப்பு அரைவேக்காடாகவும் வட்டலப்பம் நடுவில் தளதளவென்றும் வரும். பருப்பைப் பிரஷர் குக்கரில் வையுங்கள், வட்டலப்பம் அவிக்க முக்கால் மணி என்று எழுதியிருந்தால் ஒரு மணி வையுங்கள்.

தட்டுகளைச் சூடாக்கியே வெளியே அனுப்புங்கள். குளிர்ந்த பீங்கானில் விழுந்த கறி நான்கைந்து நிமிடத்தில் மேலே எண்ணெய் உறைந்து நிற்கும். சூட்டலுமாரி இல்லாவிட்டால் 60 பாகை ஒவன், அதுவும் இல்லாவிட்டால் கொதிநீரில் முக்கித் துடைத்து அடுக்கித் துணியால் மூடி வைப்பது.

அறை பதிவாகும்போதே சைவமா அசைவமா, எது ஒத்துக்கொள்ளாது என்று கேட்டு மேசை எண்ணோடு எழுதிவிடுங்கள். விருந்து நடக்கும் நேரத்தில் ஓடர் எடுக்க ஆரம்பித்தால் முப்பது நிமிடம் பறந்துவிடும்.

மண்டபம், விளக்கு, மின்சாரம்

நாற்பது பேருக்கு அறுபது சதுர மீற்றர் இடமாவது வேண்டும். மேடை கட்ட வேண்டாம். சுவரோரம் மூன்றுக்கு மூன்று மீற்றர் வெறுந்தரை போதும். மேசைகளை அதை நோக்கிச் சாய்வாகப் போட்டு, அந்தப் பக்கம் யாருக்கும் முதுகு வராதபடி வையுங்கள். சமையலறையிலிருந்து வரும் வழி 1.2 மீற்றர் அகலம், மேசைகளுக்கிடையே 90 சென்ரிமீற்றர். நாற்காலியில் ஆள் இருக்கும்போது அளந்து பாருங்கள், வெறும் நாற்காலியை வைத்து அளப்பது ஏமாற்றும்.

நிறம் மாறுவது சுவரில்தான் நடக்க வேண்டும். நான்கு எல்ஈடி விளக்கைத் தரையில் வைத்துச் சுவருக்கு அடியுங்கள். தொடக்கத்தில் பச்சை, சூப் முடியும்போது மஞ்சள், இனிப்பு நேரம் செம்பு. மேசைக்கு மேலே எப்போதும் இளமஞ்சள் வெள்ளை வெளிச்சமே. பச்சை வெளிச்சத்தில் கோழிக்கறி பழுதான இறைச்சி போலத் தெரியும், யாரும் தொட மாட்டார்கள். வெயிட்டரின் தோளிலுள்ள பச்சைத் துண்டைச் சமையலறைக்குள் போய்வரும்போது செம்புநிறத் துண்டாக மாற்றிக்கொள்வது செலவில்லாத வேலை. சொல்லாமலே செய்யுங்கள், கவனித்துக் கேட்கிறவர்களுக்கு அது தனி மகிழ்ச்சி.

இரண்டு கிலோவாட் கேத்தல் ஒன்று ஒன்பது அம்பியர் அளவில் இழுக்கும். இரண்டைப் பாட்டுப் பெட்டி உள்ள அதே லைனில் செருகினால் ட்ரிப் அடித்து மண்டபமே இருளாகும். தேநீர்த் தண்ணீரைக் காஸ் அடுப்பில் பெரிய பானையில் காய வையுங்கள். மழை இரவுகளில் கரண்ட் போவது வழக்கம் என்பதால் மேசைக்கு ஒரு பற்றரி விளக்கு முன்கூட்டியே எரியட்டும். ஜெனரேற்றர் பிடிக்கும் வரைக்கும் அது போதும். மெழுகுதிரியும் தீப்பந்தமும் உள்ளே வேண்டவே வேண்டாம். பழைய பங்களாக்களின் கூரையும் தரையும் மரம்.

கலைஞர்கள்

மூன்று தப்பு, இரண்டு பாடகர், கும்மிக்கு ஆறு பேர். இதற்கு மேல் அந்த இடத்தில் கொள்ளாது.

தப்பின் தோல் ஈரத்தில் தளரும். பனி மூட்டத்தில் பதினைந்து இருபது நிமிடம் நின்றாலே சத்தம் தொப்பென்று விழும். ஆகவே முற்றத்தில், கட்டடத்திலிருந்து விலகி, வைக்கோல் அல்லது காய்ந்த சருகில் சிறு நெருப்பு மூட்டிக் காய்ச்ச இடம் கொடுங்கள். பக்கத்தில் ஒரு வாளித் தண்ணீர். விரலால் சுண்டினால் கணீரென்று வர வேண்டும், அது வந்த ஐந்து நிமிடத்துக்குள் அவர்கள் உள்ளே நுழைய வேண்டும். குரல்காரர் ஏழு மணி நுழைவுக்கு ஆறு ஐம்பதுக்கே அவர்களுக்குச் சொல்லிவிடுவது இதற்காகத்தான். மூடிய அறையில் தப்பு காதைத் துளைக்கும். வராந்தாவில் தொடங்கி, விருந்தினரை உள்ளே அழைத்து வந்து, மூன்று நிமிடத்தில் நிறுத்துங்கள்.

என்ன அடிப்பது என்பதைக் குழுவின் மூத்தவர் முடிவு செய்யட்டும். திருவிழாவுக்கு ஒரு அடி, காமன் கூத்துக்கு ஒரு அடி, சாவுக்கு ஒரு அடி. எது எங்கே பொருந்தும் என்பது அவருக்குத் தெரியும். ஒரு காலத்தில் விடியற்காலையில் பிரட்டுக்கு (வேலைக்குப் பெயர் பதிய) அழைக்கவும் தப்புதான் ஒலித்தது என்பதை அவரே இரண்டு வரியில் சொன்னால் விருந்தினர் அமைதியாகக் கேட்பார்கள்.

காமன் கூத்தை விருந்துக்குக் கேட்காதீர்கள். மாசியில் கம்பம் ஊன்றி, காப்புக் கட்டி, விரதம் இருந்து ஆடுவது அது. இரண்டு கறிக்கு நடுவே எட்டு நிமிடம் வெட்டி எடுத்துக் காட்டுவது ஊரையும் நோகடிக்கும், கூத்தையும் கெடுக்கும். கும்மி, கோலாட்டம், தெம்மாங்கு, தாலாட்டு, கொழுந்து மலைப் பாட்டுகள் தாராளமாக இருக்கின்றன. பாட்டுக்கு முன் அதன் பொருளை இரண்டு வாக்கியத்தில், தமிழிலும் சிங்களத்திலும் ஆங்கிலத்திலும் சொல்லுங்கள். கங்காணியைத் திட்டும் பாட்டு என்றால் திட்டுகிற பாட்டு என்றே சொல்லுங்கள். அதை மகிழ்ச்சிப் பாட்டாக மாற்றிச் சொல்லத் தேவையில்லை.

இசைத்தட்டு போடுவதானால் 2003ஆம் ஆண்டின் 36ஆம் இலக்கப் புலமைச் சொத்துச் சட்டப்படி உரிமைக்காரரின் அனுமதி வேண்டும். ஒலிபெருக்கி வெளியே கேட்குமானால் பொலிஸ் நிலையத்தில் முன்பே அனுமதி எடுங்கள்.

இரவின் ஓட்டம்

ஆறு மணிக்கு வேலையாட்களும் கலைஞர்களும் சாப்பிட்டு முடிக்க வேண்டும். பசியோடு பாட வைக்காதீர்கள். 6.45க்கு வராந்தாவில் இஞ்சி பிளேன்டீ. 7.00க்குத் தப்போடு நுழைவு. 7.05க்கு ரொட்டி, துணி சுற்றிய கூடையில். 7.20க்குக் கொழுந்து அக்காவின் பேச்சு, பிறகு உருட்டல். 7.30க்குக் கிண்ணங்கள் உள்ளே, சூப் வெளியே. 7.50க்குச் சூப் கோப்பைகள் எடுத்து முடித்தபின் இரண்டு பாட்டு, மொத்தம் எட்டு நிமிடம். முதல் பாட்டு தொடங்கும்போதே சமையலறையில் சட்டிகளை நிரப்பத் தொடங்க வேண்டும், கைதட்டல் விழும்போது முதல் தட்டம் கதவில் நிற்க வேண்டும்.

8.00 முதல் 8.30 வரை எந்த நிகழ்ச்சியும் இல்லை. இந்த அரை மணி நேரத்தை நிரப்பத்தான் எல்லாருக்கும் ஆசை வரும். விட்டுவிடுங்கள், அவர்கள் சாப்பிடட்டும். 8.30க்கு மேசை துடைப்பு. 8.35க்குக் கும்மி. விருந்தினரைக் கையைப் பிடித்து இழுக்காதீர்கள். கடைசிப் பாட்டில் வட்டத்தில் இடம் விட்டுக் கை காட்டினால் வர விரும்புகிறவர் வருவார்.

8.45க்குச் சுவர் செம்பாகும்போது வட்டலப்பமும் உருட்டிய கிண்ணங்களும் ஊர்வலமாக வரும். பேக்ட் அலாஸ்காவின் இடத்தில் நமக்கு இதுதான். கூடவே நுவரெலியா, திம்புள, ஊவா மூன்றும், ஆளுக்கு அறுபது மில்லிலீற்றர். வகைக்கு இரண்டரை லீற்றர் தண்ணீர், முப்பது கிராம் பிஓபி (உடைந்த இலைத்) தேயிலை, நான்கு நிமிடம். பிறகு வடித்து, முன்பே கொதிநீர் ஊற்றிச் சூடாக்கிய பிளாஸ்கில் ஊற்றுங்கள். இலையோடு விட்டால் இரண்டாவது மேசைக்குப் போகும்போதே கசக்கும். தேயிலைச் சுவைஞர்கள் நூறு மில்லிக்கு இரண்டு கிராம் போட்டு ஆறு நிமிடம் ஊற விடுவார்கள். அது குறை கண்டுபிடிக்கிற கடுப்பு, விருந்துக்கு ஆகாது. வெளிர்நிற நுவரெலியாவை முதலில், ஊவாவைக் கடைசியில் கொடுங்கள். 9.10க்கு முடிவு.

சமையலறை பிந்தினால்

பிந்தும். சோறு வடியவில்லை, காஸ் முடிந்தது, ஒரு மேசை இருபது நிமிடம் தாமதமாக வந்தது என்று ஏதோ ஒன்று நடக்கும். அப்போது பாடகரை நீட்டச் சொல்லாதீர்கள், களைத்த பாட்டு உடனே தெரிந்துவிடும். இரண்டு குவியல் கணக்கைப் பேச்சில் சொல்லாமல் கையிருப்பாக வையுங்கள். எத்தனை கிலோ கொழுந்துக்கு ஒரு கிலோ தேயிலை என்று மேசைக்கு மேசை ஊகிக்க விட்டால் ஆறேழு நிமிடம் இயல்பாகப் போகும். பத்து நிமிடத்துக்கு மேல் பிந்தினால் கும்மியைப் பாதியாகக் குறைத்து முடிவு நேரத்தைக் காப்பாற்றுங்கள். கொழுந்துக் கிண்ணத்தை மட்டும் வெட்டாதீர்கள்.

கலைஞர் பணத்தை முடிந்ததும் உறையில் போட்டு அவரவர் கையில் கொடுங்கள், குழுத் தலைவரிடம் மொத்தமாக அல்ல. ஆளுக்கு இரண்டு நாள் கூலிக்குக் குறையாமல், ஒத்திகைக்கும் சேர்த்து. இரவு ஒன்பதுக்குப் பிறகு தோட்டப் பக்கம் பஸ் கிடைப்பது அரிது. வேன் ஒன்றை முதலிலேயே பேசி, அதன் கூலியை விருந்தின் விலைக்குள் வையுங்கள். லயத்து (தோட்ட வரிசை வீட்டு) வாசல் வரைக்கும் போக வேண்டும் என்று சாரதியிடம் சொல்லிவிடுங்கள், பிரதான வீதியில் இறக்கிவிட்டுத் திரும்பிவிடக் கூடாது.